அறுபதில் எழுபத்துநான்காவது தவணை

என் சம்பளம் எவ்வளவு என்பதை முதன்முதலில் சதம் பிசகாமல் தெரிந்துகொண்டவர் என் கணவர் அல்ல. ஈச்சிலம்பற்றில் பதினோராம் தரத்தில் என்னிடம் கணிதம் படித்த முப்பத்தொரு பிள்ளைகள்தான். நான் வாயால் சொல்லி அவர்களுக்குத் தெரியவரவில்லை. ஆளுக்கொரு தாளாக என் கையாலேயே கொடுத்துவிட்டேன்.

பதினெட்டு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயம் அது. மாதா மாதம் சம்பளச் சிட்டை கைக்கு வரும். மற்ற ஆசிரியைகள் ஒரு மூலைக்குப் போய் வாசிப்பார்கள். நான் வாசிப்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரிக்குள் இருக்கும் பழைய கட்டின் மேல் முகம் குப்புற வைத்து ரப்பர் வளையம் போட்டுவிடுவேன். வங்கியில் எவ்வளவு விழுந்தது என்று மட்டும் தெரியும். அதற்கு மேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது, வயிறுதான் எரியும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குப் படிப்பிக்கிறவள் தன்னுடைய சிட்டையைக் கூட்டிப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தாள் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உண்மை அதுதான்.

எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அந்த வருடத்தில் சம்பளம் அப்படியே இருந்தது, மற்ற எல்லாம் ஏறியது. பால்மா ஏறியது, காஸ் ஏறியது, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போக வேண்டிய சேலையின் விலையைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. எல்லாவற்றையும் விட வான் காசு ஏறியது. திருகோணமலை நகரிலிருந்து ஏழு ஆசிரியர்கள் ஒரு வானில் விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டு, சீனன்குடா தாண்டி, கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி ஈச்சிலம்பற்றுக்குப் போவோம். ஏழரை மணிக்கு அதிபர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்த கணக்கு. எங்கள் வான்காரர் கிண்ணியாக்காரர், நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். டீசலுக்கு வரிசையில் நின்று காய்ந்துவிட்டு, ஒவ்வொரு மாதமும் தலையைச் சொறிந்துகொண்டே புதுக் காசைச் சொல்லுவார். அவர்மேல் கோபப்படவும் முடியாது. என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்த வான் தின்றுகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் நகரத்திலுள்ள ஒரு தனியார் பள்ளியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வீட்டிலிருந்து நடந்து போகலாம். சம்பளம் இரண்டு மடங்கு. இரண்டு வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும். துறைமுகத்தடியில் படகு எஞ்சின் திருத்தும் என் கணவருக்கு அந்த மாதங்களில் வேலையே இல்லை, மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இதில யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்.

யோசிக்க முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு நான் ஒருத்திதான். எனக்கு முன்னே விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அந்தக் கதிரைக்கு இரண்டு வருடமாக ஒருவரும் வரவில்லை, விளையாட்டுப் பாட ஆசிரியர்தான் புத்தகத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதம். நான் போனால் என் வகுப்புக்கும் அதுதான் கதி என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், போவதென்றே பாதிக்கு மேல் முடிவெடுத்திருந்தேன். அதை இப்போது மறைத்து என்ன பயன்? கடிதம் கைப்பைக்குள் என்னோடு தினமும் வானில் வந்து போனது.

அப்போது கடதாசிக்கும் தட்டுப்பாடு. பள்ளிக்கூடத்து நகல் இயந்திரம் துணி மூடிக் கிடந்தது. அப்பியாசக் கொப்பியில் ஒரு ஒற்றையைக் கிழிக்கச் சொன்னால் தாய்மார் சண்டைக்கு வருவார்கள், அந்த விலை. கடனும் வட்டியும் என்ற அலகு முடிந்திருந்தது, பரீட்சை வைக்க வேண்டும். என் கணவர் எங்கேயோ சொல்லி, ஒருபக்கம் அச்சடித்த பழைய படிவங்கள் ஒரு கட்டுக் கொண்டுவந்து தந்தார். மறுபக்கம் வெள்ளை. அதை அலுமாரிக்குள் வைத்தேன். அடுத்த நாள் விடியப்புறம் கரண்ட் இல்லை. வானின் ஹோர்ன் சத்தம் கேட்டதும் கையை விட்டுத் தடவி, ரப்பர் வளையம் போட்ட கட்டை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன்.

வகுப்பில் வெள்ளைப் பக்கம் மேலே இருக்க எண்ணி முப்பத்தொரு தாள் எடுத்தேன். "பின்பக்கத்தில என்னவோ பழைய எழுத்து இருக்கும், அதைப் பாக்கக்கூடாது. முன்பக்கத்தில விடை எழுதுங்கோ" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பலகைப் பக்கம் திரும்பி ஐந்து கணக்கு எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பினால் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கணக்குக் கடினம்போலும் என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மணி அடித்தது. தாள்களைச் சேர்க்கப் போனேன். ஜன்னலோரம் இருக்கும் பிள்ளை தன் தாளைத் தராமல் வைத்திருந்தாள். கடற்றொழில் செய்கிறவரின் மகள், கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டாள்.

"ரீச்சர், ஒரு கேள்வி கேக்கலாமோ?"

"கேள்."

"கடன் அறுபது தவணை எண்டா, அறுபத்தெட்டாவது தவணை எப்பிடி வரும்?"

"அப்பிடி ஒரு கணக்கு நான் தரேல்லையே."

"பலகையில இல்லை ரீச்சர். பின்பக்கத்தில."

தாளை வாங்கித் திருப்பினேன். என் பெயர் இருந்தது. என் சம்பள இலக்கம் இருந்தது. அடிப்படைச் சம்பளம், படி, கழிவு, கடைசியில் தடித்த எழுத்தில் கையில் வருவது. கையில் இருந்த மற்றத் தாள்களைத் திருப்பினேன். எல்லாம் நான்தான்.

அந்த ஒரு நிமிடம் நான் பட்ட வெட்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் தினமும் மடிப்புக் கலையாத சேலையோடு போய் நிற்கிறவள் நான். முதல் வரிசையில் இருந்த ஒரு பையன், வஞ்சகம் எதுவும் இல்லாமல், "எங்கட அப்பாட போட்டில போற ஆக்களுக்கு நல்ல மாசத்தில இதைவிடக் கூடக் கிடைக்கும் ரீச்சர்" என்றான். அவனை ஒன்றும் சொல்ல முடியவில்லை. கோபம் முழுவதும் ஜன்னலோரப் பிள்ளைமேல் பாய்ந்தது.

"என்ர சம்பளத்தை எண்ணுறதுக்கோ உனக்கு இவ்வளவு நாளும் படிப்பிச்சனான்?"

அவள் பயந்தாள், ஆனால் குனியவில்லை. "நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள், கடன் கணக்கெண்டா முதல்ல தவணை எத்தினை எண்டு பாக்கோணும் எண்டு."

அவள் காட்டிய இடத்தைப் பார்த்தேன். வீட்டுக் கூரை திருத்துவதற்காக நான் எடுத்த கடன், சம்பளத்தில் மாதா மாதம் கழிகிற கடன். அந்த வரியின் மூலையில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவுக்குச் சின்னதாக, 68/60 என்று அச்சாகியிருந்தது.

"எனக்கு வந்தது அறுபத்தொன்பது ரீச்சர்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "எனக்கு ஐம்பத்திரண்டு" என்றது பின்வரிசை வாங்கு. முதல் வரிசைப் பையன், கட்டின் மேல் தாள் கிடைத்தவன், "எனக்கு எழுபத்துநாலு" என்று எழுந்து நின்று சொன்னான். அடுத்த பாட ஆசிரியர் வாசலில் வந்து நின்றதையும் பொருட்படுத்தாமல், பிள்ளைகள் தாள்களை என் கையிலிருந்து வாங்கி முன்மேசைகளில் மாத ஒழுங்கில் அடுக்கினார்கள். நாற்பத்தேழில் தொடங்கி எழுபத்துநான்கு வரை. நடுவில் மூன்று தாளில் கடன் வரி வெறுமையாக இருந்தது. ஜன்னலோரப் பிள்ளை அறுபதாவது தாளுக்கும் அறுபத்தோராவது தாளுக்கும் நடுவில், கோடு போடுகிற அடிமட்டத்தை வைத்தாள்.

"இதோட கடன் முடிஞ்சுது ரீச்சர். இங்கால பதினாலு மாசம் சும்மா கழிச்சிருக்கினம்."

பதினாலு மாதம். மாதம் கழிந்த தொகை, சின்ன வித்தியாசத்தில், என் வான் காசு. பிள்ளைகள் எதையோ வென்றுவிட்டதைப் போல மேசையில் தட்டினார்கள். நானும் சிரித்துவிட்டேன். சற்று முன்னே வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தவள் எப்படிச் சிரித்தேன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

திரும்பும்போது வானில் கதையைச் சொன்னேன். மூதூர் வருவதற்குள் மற்ற ஆறு பேருடைய கைப்பைகளும் திறந்துவிட்டன. ஒருவருடைய சிட்டையை மற்றவர் வாங்கிப் பார்க்க, வருடக்கணக்காக ஒரே வானில் இருந்தும் ஒருவருக்கொருவர் காட்டாத தாள்கள் கைமாறின. சமயபாட ஆசிரியை ஒருவர், ஒன்றை ஒன்று திட்டிக்கொள்ளும் இரண்டு ஆசிரியர் சங்கங்களுக்கும் ஏழு வருடமாகச் சந்தா கட்டிவந்தது அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நானா வானை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அன்றிரவே அந்த முப்பத்தொரு விடைத்தாளையும் சிவப்புப் பேனையால் திருத்தினேன். பரீட்சை பரீட்சைதானே.

இரண்டு நாள் கழித்து அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கல்வி அலுவலகத்துச் சம்பளப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த கிளாக்கர் கெட்ட மனுசன் இல்லை. காலையிலிருந்து முறைப்பாடு கேட்டுக் களைத்தவர்.

"கொம்பியூட்டர் கழிக்கிறது மிஸ். அது பிழை விடாது" என்றார். "கொரோனா நேரம் மூண்டு மாசம் கழிக்கேல்லைத்தானே? அதுதான் இழுபட்டிருக்கும். பிறகொரு நாளைக்கு வாங்கோ, ஃபைலைப் பாப்பம்."

பிறகொரு நாளைக்கு வரச் சொன்ன வாயில்கள் எனக்குப் புதிதில்லை. பதினெட்டு வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்திருக்கிறேன். அன்றைக்கு எழும்பவில்லை. பையிலிருந்து தாள்களை எடுத்து, பிள்ளைகள் அடுக்கிய அதே ஒழுங்கில் அவர் மேசையில் பரப்பினேன். அவருடைய தேநீர்க் கோப்பையைத் தூக்கிப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன்.

"நீங்கள் சொல்ற மூண்டு மாசம் இந்தா இருக்கு. இதில கழிக்கேல்லை, தவணை நம்பரும் கூடேல்லை. அதுக்கு முந்தின மாசம் ஐம்பது, அதுக்குப் பிறகு ஐம்பத்தொண்டு. அப்ப எழுபத்துநாலு எண்டா எழுபத்துநாலு தரம் என்ர காசு வெட்டியிருக்கு. சரியோ?"

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு தாளைத் திருப்பியவர், அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். உதடு அசைந்தது. ஒரு பிள்ளையின் விடையை வாசித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிள்ளை சரியாத்தானே செய்திருக்கு? ஏன் மூண்டு புள்ளி குறைச்சனீங்கள்?"

"கடன் முடிஞ்ச பிறகும் ஒரு மாசத்துக்கு வட்டி போட்டிருக்கிறான்."

"ஒரு மாசத்துக்கோ?"

"ஓம். ஒரு மாசத்துக்கு மூண்டு புள்ளி. பதினாலு மாசம் போட்ட ஆக்களுக்கு எவ்வளவு குறைக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

பக்கத்து மேசையில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கிளாக்கர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு எழுந்துபோய் ஃபைலை எடுத்துவந்தார். கொஞ்ச நேரம் புரட்டினார். "பிழைதான் மிஸ்" என்றார், கடைசியில் ஒரு மாதிரி மெதுவாக. "நீங்கள் ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?"

வாசிக்கவில்லை என்று சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து கழிக்க மாட்டோம், கழித்தது திருப்பித் தரப்படும் என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தந்த பிறகுதான் எழும்பினேன். வெளியே வந்து, மாவட்டச் செயலகக் கச்சேரியடி வெயிலில் நின்று ஒரு இளநீர் குடித்தேன். விலை கேட்காமல் குடித்த இளநீர் அந்த வருடத்தில் அது ஒன்றுதான்.

சொன்னபடி, இரண்டு மாதத்துக்குப் பிறகு பதினாலு மாதக் காசும் வந்தது. காஸ் வாங்கினேன், கணவருடைய சேர்ட்டுக்குத் துணி எடுத்தேன், மிச்சத்தில் ஒரு கட்டுக் கடதாசி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வானில் போனேன். "என்ன டீச்சர், தங்கமா கொண்டு போறீங்க?" என்று நானா கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். ஓம் என்றேன். இன்றைக்கும் அந்த அலகு தொடங்கும் நாளில் என் புதுச் சிட்டையை அப்படியே பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் அரிசி, பால்மா, காஸ், வான் காசு எல்லாவற்றையும் பிள்ளைகளையே எழுதச் சொல்லுகிறேன். அதிபருக்குப் பிடிக்காது, ஆசிரியர்களுடைய மரியாதை போய்விடும் என்றார். மரியாதை பத்திரமாக இருக்கிறது சேர், சம்பளத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது என்றேன். இதற்கிடையில் சம்பளத்தையும் ஒருமுறை கூட்டினார்கள். அதையும் பலகையில் எழுதி, விலைகளையும் எழுதி, போதுமா என்று கேட்டேன். வகுப்பு முழுக்க ஒரே குரலில் போதாது என்றது. விடை சரி, எல்லோருக்கும் முழுப்புள்ளி.

ஆனால் அந்தக் காசு வருவதற்கு முன்பே நான் முடிவெடுத்தாகிவிட்டது. உள்ளதைச் சொன்னால், வெட்டாமல் விட்ட அந்தத் தொகை தனியார் பள்ளிச் சம்பளத்துக்குக் கிட்டவும் வராது. வான் காசுக்குச் சரி, அவ்வளவுதான். நானும் கணவரும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு நாள் அதைப்பற்றிக் கதைத்தோம். போகாமல் விட்டால் குடும்பம் மூழ்காது, மிதக்கும் என்ற அளவில் அவர் ஒத்துக்கொண்டார். "பிறகு என்னட்ட வந்து புறுபுறுக்கக்கூடாது" என்றார். புறுபுறுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அப்படிக் கதைத்த பிறகும் கடிதம் கைப்பைக்குள்தான் இருந்தது. பதில் எழுத வேண்டிய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அடுத்த அலகுப் பரீட்சை. இந்தமுறை வெளிச்சத்தில் பார்த்து, உண்மையான பழைய படிவங்களைத்தான் கொண்டுபோனேன். கரையான் அரித்ததைக் கழித்தால் முப்பதுதான் தேறியது. ஜன்னலோரம் வந்தபோது கையில் தாள் இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் கைப்பையைத் திறந்தேன். கடிதம் நல்ல தடித்த கடதாசி, மறுபக்கம் பளிச்சென்ற வெள்ளை. விரித்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்க அவள் முன்னே வைத்தேன்.

"பின்பக்கம் பாக்கக்கூடாது" என்றேன்.

பலகையில் முதலாம் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவள் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு கடைசி வரி வரை வாசித்து முடித்திருந்தாள்.

"ரீச்சர்" என்றாள். "இண்டைக்குத்தானே கடைசி நாள்?"

"ஓம்."

"அப்ப நீங்கள் இதுக்குப் பதில் எழுதேல்லையோ?"

"நான் எழுதேல்லை. இதில நீதான் எழுதப்போறாய். முதலாம் கணக்கில தொடங்கு."

அவள் தாளைத் திருப்பினாள். அடிமட்டத்தை எடுத்து ஓரத்தில் நேராக ஒரு கோடு இழுத்து, மேலே தன் பரீட்சைச் சுட்டெண்ணை எழுதினாள். நான் பலகைப் பக்கம் திரும்பி, இரண்டாம் கணக்கை எழுதினேன்.